லண்டனில் தங்க ஏலம், சுரங்கத்தில் ஆட்குறைப்பு

தங்கம் விற்பவர் யார் என்று கேட்டால் நகைக்கடைக்காரரைச் சொல்லுவோம். அடகுக் கடைக்காரரைச் சொல்லுவோம். இவர்கள் எல்லாம் சில்லறை வியாபாரிகள். ஒரே ஓர் அறிவிப்பால் உலகத் தங்கச் சந்தையையே ஆட்டி வைக்கக்கூடிய பெரும் விற்பனைக்காரர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடையும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. அவைதாம் சர்க்கார்களின் மத்திய பாங்குகள்.

1990-களின் முடிவில் உலகத்துச் சுரங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் தோண்டி எடுத்த தங்கம் சுமார் 2,500 டன். மத்திய பாங்குகளின் நிலவறைகளில் தூங்கிக் கிடந்ததோ 30,000 டன்னுக்கும் மேல். அதாவது, பூமிக்கடியில் இறங்கிப் பல லட்சம் தொழிலாளிகள் பத்து வருஷத்துக்கு மேல் பாடுபட்டால்தான் கிடைக்கும் தங்கம், கோட்டுப் போட்ட சில கனவான்களின் சாவிக்கொத்தில் இருந்தது. அந்த நிலவறைக் கதவு கொஞ்சம் திறக்கப் போகிறது என்று ஒரு சேதி வந்தால் போதும், சந்தை நடுங்கும். சந்தை நடுங்கினால் அடி விழுவது யார் மேல்? இதுதான் தொழிலாளி வர்க்கம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு தண்டோரா

1999 மே 7. பிரிட்டனில் டோனி பிளேர் பிரதமர். கார்டன் பிரவுன் நிதி மந்திரி. தொழிற்கட்சி என்று பெயர் வைத்துக்கொண்ட கட்சியின் ஆட்சி. அன்று பிரிட்டிஷ் கஜானா இலாகா ஓர் அறிவிப்பை வெளியிட்டது: தன் கையிருப்பில் உள்ள சுமார் 715 டன் தங்கத்தில் 415 டன்னைப் பகிரங்க ஏலத்தில் விற்கப் போகிறது, முதல் ஏலம் ஜூலையில்.

அன்றைக்கு ஓர் அவுன்ஸ் தங்கம் சுமார் 282 டாலர். அவுன்ஸ் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ நான்கு சவரன். அறிவிப்பு வந்த நாளிலிருந்தே விலை சரியத் தொடங்கியது. ஜூலை 6-ல் நடந்த முதல் ஏலத்தில் 25 டன் விற்றது. கிடைத்த விலை 261 டாலர் 20 சென்ட். ஜூலை 20-ல் விலை 253 டாலருக்கும் கீழே போயிற்று. இருபது ஆண்டுகளில் அதுவே மிகக் குறைந்த விலை.

கவனியுங்கள். முதல் கட்டி தங்கம் கூட நிலவறையை விட்டு வெளியே வராத மே மாதத்திலேயே விலை விழ ஆரம்பித்து விட்டது! சரக்கு விலையை வீழ்த்தவில்லை. சரக்கு வரப் போகிறது என்ற தண்டோராவே வீழ்த்தியது.

இந்தச் சூட்சுமத்தை விளக்க நமக்குப் பேராசிரியர் தேவையில்லை. தஞ்சை ஜில்லாவில் எந்த விவசாயத் தொழிலாளியைக் கேட்டாலும் சொல்லுவார். ஊரில் பெரிய மிராசுதார் அறுவடை நேரத்தில், "தை மாதம் முழுதும் என் பத்தாயத்து நெல்லை விற்கப் போகிறேன், இத்தனை மூட்டை, இன்ன தேதியில்" என்று பறையறைந்தால் மண்டிக்காரன் என்ன செய்வான்? இன்றே விலையைக் குறைத்துக் கேட்பான். அவசரம் உள்ளவன் இன்றே வந்த விலைக்கு விற்பான். இரண்டு மா நிலத்தில் பயிர் செய்து கடனுக்கு ஈடு கட்டக் காத்திருக்கும் ஏழைக் குத்தகைக்காரன்தான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவான். பத்தாயம் மிராசுதாருடையது, பட்டினி குத்தகைக்காரனுடையது.

ஏலத்தில் இடம் பெற்றவர் யார்?

"பகிரங்க ஏலம்" என்றார்கள். பகிரங்கம் என்றால் யாருக்கு? லண்டன் தங்கச் சந்தைச் சங்கத்தின் உறுப்பினர்களும், இங்கிலாந்து பாங்கில் தங்கக் கணக்கு வைத்திருந்த மத்திய பாங்குகளும் சர்வதேச நிதி ஸ்தாபனங்களுமே கேட்கலாம். உறுப்பினர்கள் என்பவர்கள் பெரிய பாங்குகள், கட்டித் தங்க வியாபாரிகள். ஏல முறையையும் பாருங்கள்: தங்கம் கிடைத்தவர்களில் யார் மிகக் குறைந்த விலை கேட்டாரோ, அந்த ஒரே விலையைத்தான் எல்லோரும் கட்ட வேண்டும். கூடுதலாகக் கேட்டவனும் குறைந்த விலைக்கே கட்டியை எடுத்துக்கொண்டு போகலாம்!

1999 ஜூலையிலிருந்து 2002 மார்ச் வரை 17 ஏலங்கள். மொத்தம் விற்றது சுமார் 395 டன். நம் கணக்கில் ஏறத்தாழ ஐந்து கோடி சவரன். கிடைத்த சராசரி விலை அவுன்சுக்குச் சுமார் 275 டாலர். மொத்த வரவு சுமார் 350 கோடி டாலர். அந்தப் பணத்தைக் கொண்டு டாலர், யூரோ, யென் கடன் பத்திரங்களை வாங்கி வைத்தார்கள்.

2025 அக்டோபரில் தங்கம் அவுன்சுக்கு 4,000 டாலரைத் தாண்டியது. அந்த விலையில் கணக்குப் போட்டால் விற்ற 395 டன் 5,000 கோடி டாலருக்கு மேல்! லண்டன் பத்திரிகைகள் இந்த நஷ்டத்தைச் சொல்லிச் சொல்லிக் கார்டன் பிரவுனைப் பரிகசித்திருக்கின்றன. பிரிட்டிஷ் கஜானாவுக்கு வந்த நஷ்டத்துக்காக அழ அங்கே ஆள் இருக்கிறார்கள். "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று ஜனங்களின் சொத்தை வாரி இறைத்தவர்களைப் பிரிட்டிஷ் ஜனங்கள் கேட்டுக்கொள்ளட்டும். நாம் கேட்பது வேறு. விலை விழுந்தபோது யாருடைய சோற்றுத் தட்டு காலியாயிற்று?

பூமிக்கடியில் விழுந்த அடி

தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம். நிறவெறி ஆட்சி ஒழிந்து ஐந்து ஆண்டுகூட நிறைந்திருந்த நேரம். ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய தங்கச் சுரங்கங்களில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், பாறையே கொதிக்கும் வெப்பத்தில் கறுப்புத் தொழிலாளிகள் வேலை செய்தார்கள். லெசோத்தோவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் குடும்பத்தை விட்டுப் பிழைப்புக்கு வந்தவர்கள் அதில் ஏராளம். ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைப்பது சில கிராம் தங்கம். உடைத்தவன் நெஞ்சில் தங்குவது கல்தூசி.

1980-களின் பிற்பகுதியில் அங்கே தங்கச் சுரங்கங்களில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். 1990-கள் முடிவதற்குள் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. எல்லாம் பிரிட்டனின் ஏலத்தால்தான் என்று நாம் சொல்லவில்லை. 1980-ல் 850 டாலரைத் தொட்ட தங்கம், பிறகு இருபது வருஷம் இறங்குமுகத்தில்தான் இருந்தது. ஆழம் கூடக் கூடச் செலவும் கூடிற்று. பல பழைய சுரங்கங்களில் ஓர் அவுன்ஸ் எடுக்கும் செலவு சந்தை விலையையே தொட்டுக்கொண்டிருந்தது. அந்த விளிம்பில் நின்றவர்களைத்தான் லண்டன் அறிவிப்பு பிடித்துத் தள்ளியது. நூறாண்டு கண்ட ஈஸ்ட் ராண்ட் புரொப்ரைட்டரி சுரங்கம் 1999-ல் திவாலாகிக் கலைப்புக்குப் போயிற்று.

தென்னாப்பிரிக்க தேசிய சுரங்கத் தொழிலாளர் சங்கம் சும்மா இருக்கவில்லை. பிரிட்டனின் தங்க விற்பனையைக் கண்டித்துக் கிளர்ச்சி செய்தது. "எங்கள் வேலையை ஏலம் போடாதே" என்பதே அந்தக் கிளர்ச்சியின் சாரம். ஆனால் தொழிற்கட்சி சர்க்கார் ஏலத்தை நிறுத்தவில்லை. பெயரில் தொழில், செயலில் மூலதனம்!

பஞ்சாலைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. நூல் விலை ஏறினால் லாபம் முதலாளிக்கு. "சந்தை சரியில்லை, நூல் தேங்கிவிட்டது" என்றால் ஷிப்டு குறைப்பு பதிலித் தொழிலாளிக்கு. அதே நியாயம்தான் ஜோகன்னஸ்பர்க்கிலும்.

ஆடு நனைகிறதென்று அழுத ஓநாய்

அதே 1999-ல் சர்வதேச நிதி ஸ்தாபனம் இன்னொரு யோசனை சொன்னது. ஏழை நாடுகளின் கடனைக் குறைக்க வேண்டுமாம். அதற்குப் பணம் திரட்டத் தன் தங்கத்தில் ஒரு பகுதியைச் சந்தையில் விற்குமாம். ஆகா, எவ்வளவு இரக்கம்! ஆனால் அந்த ஏழை நாடுகளில் பல, தங்கம் தோண்டிப் பிழைக்கும் நாடுகள். கடனில் ஒரு ரூபாயைத் தள்ளுபடி செய்துவிட்டு, அவர்கள் விற்கும் சரக்கின் விலையை வீழ்த்தி அந்த ரூபாயைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வது எந்த ஊர் தர்மம்? எதிர்ப்பு கிளம்பிய பிறகு சந்தையில் கொட்டும் திட்டம் கைவிடப்பட்டது. பிரேசில், மெக்சிகோ ஆகிய நாடுகளோடு கணக்குப் புத்தகத்தில் மட்டும் கைமாற்றிக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். எதிர்த்தால் வழி பிறக்கிறது என்பதற்கு இதுவே அத்தாட்சி.

இரவல் தங்கத்தின் மாயம்

விற்பனை மட்டுமா? வாடகையும் உண்டு. மத்திய பாங்குகள் தங்கள் தங்கத்தைப் பெரிய பாங்குகளுக்கு இரவல் கொடுத்தன. வட்டி நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. இரவல் வாங்கியவன் அதைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. சந்தையில் விற்று, வந்த பணத்தை அதைவிடக் கூடுதல் வட்டி தரும் பத்திரங்களில் போட்டான். பிறகு தங்கத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தால் போதும். அதற்குள் விலை இறங்கியிருந்தால் அதிலும் லாபம்! ஆகவே விலை இறங்குவதே இவனுக்குப் பண்டிகை.

சுரங்க முதலாளிகளும் இதில் சேர்ந்தார்கள். இன்னும் தோண்டாத தங்கத்தை இன்றைய பேரத்தில் முன்கூட்டியே விற்றார்கள். இரவல் தங்கம் ஒரு பக்கம், பிறக்காத தங்கம் ஒரு பக்கம், நிலவறைத் தங்கம் ஒரு பக்கம். மூன்றும் சந்தையில் விழுந்தன. விலை எப்படி நிமிரும்?

விலை ஏறியபோதும் அடி

கடைசியில் பாங்குக்காரர்களே பயந்தார்கள். 1999 செப்டம்பர் 26-ல் வாஷிங்டனில் ஐரோப்பாவின் 15 மத்திய பாங்குகள் கூடி ஓர் ஒப்பந்தத்தை வெளியிட்டன: ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 2,000 டன்னுக்கு மேல் விற்பதில்லை, ஆண்டுக்குச் சுமார் 400 டன்தான், இரவல் கொடுப்பதையும் கூட்டுவதில்லை.

எங்கள் விற்பனையால் சந்தைக்குப் பாதகம் இல்லை என்று அதுவரை சாதித்தவர்கள் தாங்களே வரம்பு கட்டிக்கொண்டது ஏன்? குட்டு உடைந்தது என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

அறிவிப்பு வந்த பத்தே நாளில் விலை துள்ளி 320 டாலரைத் தாண்டியது. சுரங்க நாடுகளுக்கு நல்ல காலம் பிறந்தது என்று நினைப்பீர்கள். நடந்தது என்ன? மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் பெரிய சுரங்கக் கம்பெனி அஷாந்தி. அந்தக் கம்பெனி, விலை விழும் என்ற பயத்தில் சுமார் ஒரு கோடி அவுன்ஸ் தங்கத்துக்கு முன்பேரம் செய்து வைத்திருந்தது. விலை திடீரென்று ஏறியதும் பேரம் செய்த பாங்குகள் வந்து நின்றன: "சுமார் 27 கோடி டாலர் ஈடு கட்டு!" கம்பெனியிடம் பணம் இல்லை. கடைசியில் கம்பெனியின் பங்கில் நூற்றுக்குப் பதினைந்தைப் பெறும் உரிமையைப் பாங்குகளுக்கு எழுதிக் கொடுத்துத் தப்பித்தது. டான்சானியாவில் இருந்த கெய்ட்டா சுரங்கத்தில் பாதியை விற்றது. 2004-ல் ஆங்கிலோகோல்டு என்ற தென்னாப்பிரிக்கப் பெருங்கம்பெனியில் கரைந்தது.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்! விலை விழுந்தபோது ஜோகன்னஸ்பர்க் தொழிலாளி தெருவுக்கு வந்தான். விலை ஏறியபோது கானாவின் சுரங்கம் கைமாறியது. இரண்டு தடவையும் லாபம் எண்ணியவர்கள் மட்டும் ஒரே கூட்டத்தார்.

பண்டிதர்கள் சொல்லும் பதில்

"தங்கம் வட்டி தராது, பத்திரம் வட்டி தரும். ஆகவே விற்பது புத்திசாலித்தனம்" என்று அன்றைய பண்டிதர்கள் வாதித்தார்கள். பத்திரம் என்பது என்ன? அடுத்த சர்க்காரின் வாக்குறுதி. 2022-ல் உக்ரைன் யுத்தம் மூண்டதும் மேற்கத்திய நாடுகள் ருஷ்ய மத்திய பாங்கின் சுமார் 30,000 கோடி டாலர் சொத்தை முடக்கின. வாக்குறுதியின் மதிப்பு கொடுத்தவன் கையில் இருக்கிறது என்று உலகம் அறிந்தது. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் மத்திய பாங்குகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கிக் குவித்தன. அன்று "பழைய உலோகம்" என்று விற்ற அதே வர்க்கத்தார் இன்று நான் முந்தி, நீ முந்தி என்று வாங்குகிறார்கள்.

"மத்திய பாங்கு விற்றாலே விலை விழும் என்று சொல்ல முடியுமா?" என்று இன்னொருவர் கேட்பார். முடியாதுதான். 1976-க்கும் 1980-க்கும் இடையே சர்வதேச நிதி ஸ்தாபனம் இரண்டரைக் கோடி அவுன்ஸ் ஏலம் போட்டது. அமெரிக்க கஜானாவும் விற்றது. இருந்தும் விலை ஏறியது. அப்போது பெட்ரோல் விலையும் விலைவாசியும் பறந்தன. டாலர் மேல் நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. ஆகவே விற்பனை ஒன்றே விலையைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் சந்தை தளர்ந்து கிடக்கும்போது, தேதி குறித்து, அளவு சொல்லி, ஆண்டுக்கணக்கில் விற்பேன் என்று பறையறைந்தால் அது தளர்ந்தவன் கழுத்தில் கால் வைப்பதாகும். 1999-ல் நடந்தது அதுதான்.

தங்கவயலின் சாட்சி

நம் ஜனங்களுக்கும் இந்தக் கதையில் ரத்த பந்தம் உண்டு. கோலார் தங்கவயலை 1880-லிருந்து தோண்டிக் கொழுத்தது லண்டன் நகரத்து ஜான் டெய்லர் கம்பெனி. தோண்டியவர்களோ வடஆர்க்காட்டிலிருந்தும் சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்தும் போன ஏழைகள். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கினார்கள். பாறை வெடிப்பில் செத்தார்கள். கல்தூசி நோயில் இருமி இருமி மாய்ந்தார்கள். 1956-ல் சுரங்கம் தேசவுடைமை ஆயிற்று.

ஏறத்தாழ 120 ஆண்டுகளில், தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழிலாளிகள் எடுத்த மொத்தத் தங்கம் சுமார் 800 டன். பிரிட்டிஷ் மந்திரி மூன்று வருஷத்துக்குள் ஏலம் போட்டது 395 டன். நூற்றிருபது வருஷத்து உயிரில் பாதியளவு, பதினேழு ஏலத்தில்!

2001 பிப்ரவரி 28-ல் மத்திய சர்க்கார் தங்கவயலை மூடியது. தாதுவின் தரம் குறைந்தது உண்மை. ஆழம் கூடிச் செலவு கூடியதும் உண்மை. ஆனால் "நஷ்டம், நஷ்டம்" என்று கூப்பாடு போட்ட அந்த நாட்களில் உலக விலை அவுன்சுக்கு 260 டாலரை ஒட்டி நின்றது. லண்டனில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. பத்தே ஆண்டு கழித்து, 2011-ல், விலை 1,900 டாலரை எட்டியது. சந்தை படுத்துக் கிடந்த நேரம் பார்த்துக் கணக்கெழுதி, மனிதர்களைக் கழித்துவிட்டார்கள். நிலுவைக்காகவும் குடியிருப்புக்காகவும் அந்தத் தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் போராடின.

டில்லி சர்க்கார்களின் லட்சணத்தையும் மறக்க வேண்டாம். 1991-ல் அந்நியச் செலாவணி வறண்டபோது, கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த 20 டன் தங்கத்தை ஸ்டேட் பாங்கு மூலம் ஸ்விட்சர்லாந்து பாங்குக்கு விற்றார்கள். ஜூலையில் ரிசர்வ் பாங்கின் சுமார் 47 டன்னை இங்கிலாந்து பாங்கிலும் ஜப்பான் பாங்கிலும் ஈடு வைத்து ஏறத்தாழ 40 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். செலாவணியை வறள விட்டவர்கள் யார் என்று கேட்கவில்லை. தொழிலாளியைப் பார்த்து "இடுப்பை இறுக்கிக் கட்டு" என்றார்கள். சர்வதேச நிதி ஸ்தாபனத்தின் நிபந்தனைகள் வந்தன; பொதுத்துறைப் பங்குகள் விற்பனைக்கு வந்தன. 2009-ல் அதே ஸ்தாபனத்திடமிருந்து 200 டன் தங்கத்தை ரிசர்வ் பாங்கு 670 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 1991-லும் சரி, 2009-லும் சரி, நம்மைக் கேட்டா செய்தார்கள்?

விற்றாலும் வாங்கினாலும்

இன்று மத்திய பாங்குகள் வாங்குகின்றன, விலை வானத்தில். 2025 அக்டோபரில் சென்னையில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. நாத்து நட்டுக் கூலி வாங்கும் பெண் மகளுக்கு அரைச் சவரன் தாலி செய்ய எத்தனை நாள் வயலில் குனிய வேண்டும்? தங்கம் தேவையா என்று உபதேசிக்க வருவார்கள் பெரிய மனிதர்கள். ஐயா, கூட்டுறவுக் கடன் கிடைக்காத ஊரில், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் விதைச் செலவுக்கும் ஏழைக்கு இருக்கும் ஒரே பாங்கு அந்தக் காதுத் தோடுதான். விலை ஏறினால் வாங்க முடியாது. விலை விழுந்தால் அடகு வைத்த தோடு ஏலத்துக்குப் போகும். லண்டன் ஏலத்துக்கும் நம் ஊர் அடகுக்கடை ஏலத்துக்கும் நடுவே இருக்கும் கயிறு இதுதான்.

ஆகவே நாம் கேட்கிறோம்:

மத்திய பாங்கின் தங்கம் ஜனங்களின் சொத்து. அதை விற்பது, வாங்குவது, இரவல் கொடுப்பது எதுவானாலும் பாராளுமன்றத்துக்கு முழுக் கணக்கு வர வேண்டும்.

ஜனங்களின் தங்கத்தைச் சூதாட்டத்துக்கு இரவலாகத் தனியார் பாங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது.

சுரங்கத் தொழிலாளியின் கூலியும் வேலையும் சந்தை விலைக்குப் பணயம் ஆகக் கூடாது. விலை விழும்போது ஆட்குறைப்பு இல்லை என்ற சட்டப் பாதுகாப்பு வேண்டும்.

விவசாயத் தொழிலாளிக்கும் சிறு விவசாயிக்கும் நகை ஈடு கேட்காத கூட்டுறவுக் கடன் வேண்டும்.

தங்கத்துக்குத் தானாக ஒரு சக்தியும் இல்லை, தோழர்களே. பாறையிலிருந்து அதைப் பிரித்தெடுத்த உழைப்புதான் அதன் மதிப்பு. உழைத்தவன் கையில் அதிகாரம் இல்லாத வரை, நிலவறைக் கதவு திறந்தாலும் அவனுக்கு அடி, மூடினாலும் அவனுக்கு அடி. ஜோகன்னஸ்பர்க் சுரங்கத் தொழிலாளி அன்று லண்டனை நோக்கிக் கேட்ட கேள்வியை, கோவை ஆலைத் தொழிலாளியும் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளியும் டில்லியை நோக்கிக் கேட்க வேண்டும்: எங்கள் உழைப்பை விலை பேச உங்களுக்கு உரிமை கொடுத்தது யார்?

சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். களத்து மேட்டில் பேசுங்கள். சாவிக்கொத்து யார் கையில் என்று கேட்கக் கற்றுக்கொண்ட வர்க்கம், அதைத் தன் கைக்கு வாங்கவும் கற்றுக்கொள்ளும்.